ஊழியர் சேமநிதி

பீடோங் சந்தியில் சைக்கிள் கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
சபையின் சமூக நலப் பிரிவு என்று பலகை.
'நல'வில் இருந்த லகரத்தை மழை தின்றுவிட்டது.
ஒன்பது வருடமாகச் சமூக நப் பிரிவு.
பலகைக்கென்று யாரும் காணிக்கை போடுவதில்லை.

சேர்ந்த அன்று பொருளாளர் ஞானாதிக்கம் கேட்டார்:
"நீ ஊழியரா, ஊழியக்காரியா?"
ஊழியர் என்றால் சேமநிதி, சொக்சோ, மருத்துவ விடுப்பு.
ஊழியக்காரி என்றால் எல்லாம் மேலே.
கையால் விட்டத்தைக் காட்டினார்.
அங்கே ஒரு பல்லி இருந்தது.

ஊழியர் என்றேன்.
பினாங்கு வங்கியில் வாங்கியதில் பாதிகூட இல்லை,
ஆனாலும் எழுத்தில் வேண்டும் என்றேன்.
கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிந்திருக்கிறார்கள்:
சகோதரி லீதியாள் கண்டிப்பானவர்.

வேலை, பாரம் நிரப்புவது.
இந்த நாட்டுத் தமிழில் விண்ணப்பத்தாளுக்குப் பாரம் என்று பேர்.
யார் வைத்தார்களோ, சுமந்து பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்.
நாலு தாள். வாழைப்பழத் தோல் எடைகூட இருக்காது.
அதைத் தூக்க முடியாமல்
ஐம்பத்தெட்டு வயதுவரை
அடையாள அட்டை இல்லாமலே இருந்துவிட்டார் சன்னாசி.

முதல் நாள் வந்தபோது
படி ஏறுமுன் விபூதியைத் துடைத்திருக்கிறார்.
பாதி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது.
"ஞானஸ்நானம் எடுக்கணுமாம்மா?"
"படம் நாலு போதும்ணே."
நம்பாமல் கீழே போய்
ஒரு தே தாரிக் குடித்துவிட்டு
மறுபடி ஏறி வந்தார்.

அவர் பிறந்த டிவிஷன் இப்போது செம்பனை.
லயம் இல்லை. மருத்துவச்சி இல்லை.
சுங்கை லாலாங்கில் கிராணி வீட்டு மருமகள்
பழைய பேப்பர்காரனுக்கென்று எடுத்து வைத்த மூட்டையில்
செக்ரோல் புத்தகம் கிடைத்தது, கரையான் போக மீதி.
பால் எடை எழுதும் கட்டங்களில்
அவர் அம்மா பேருக்கு நேரே
பன்னிரண்டு நாளுக்கு ஒரே கோடு.

சுங்கை பட்டாணி பதிவு இலாகாவில்
புவான் நோர்லிசா அந்தக் கோட்டை விரலால் தொட்டாள்.
இது என்ன?
பிரசவம் என்றேன், மலாயில்.
அவள் சிரிக்கவில்லை. நகல் எடுக்கச் சொன்னாள், மூன்று.

அட்டை இன்னும் வரவில்லை.

டிசம்பரில் ஆண்டறிக்கை.
பணம் அனுப்புகிறவர்களின் தாளில் ஐந்து கட்டம்:
குடும்பங்கள், பத்திரங்கள், பயணங்கள், செலவு,
கடைசியில் 'சபைக்குள் வந்தவர்கள்'.

மூன்றாம் வருடம் நான் அதில் ஏழு என்று எழுதினேன்.
ஏழு பேரும் வந்தவர்கள்தாம்,
கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு.
வாடகை வந்தது. மின்விசிறி வந்தது.
அந்த விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
யாருக்காவது வேர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஒரு மழைக்காலம் முழுவதும்.

இந்த வருடம் என்னை இயக்குநர் ஆக்கப் பேச்சு.
நேர்காணலில் ஆயர் கேட்டார்: உங்கள் தரிசனம் என்ன?
வாயில் வரவேண்டியது வரவில்லை.
துடைத்தும் போகாத அந்த அரைக் கீற்றுச் சாம்பல்தான்
கண்ணில் நின்றது.
அதைச் சொல்ல முடியுமா?
கழிவறைக்குத் தண்ணீர்த்தொட்டி வேண்டும் என்றேன்.

தம்பி அலோர்ஸ்டாரிலிருந்து கேட்கிறான்,
எப்பக்கா ஒழுங்கான வேலைக்குப் போவே?
சேமநிதிக் கணக்கைப் பிரித்துக் காட்டலாம்.
மாதம் தவறாமல் கட்டியிருக்கிறது சபை,
ஒருமுறை உண்டியல் சில்லறையில்கூட.

நேற்றிரவு அறிக்கையை முடித்தேன்.
கடைசிக் கட்டத்தில் எண் போடவில்லை.
ஒரு கோடு இழுத்தேன்.

ஞானாதிக்கம் கண்ணாடியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.
கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம்.
"கோணலா இருக்கே" என்று
மேசை இழுப்பறையில் அளவுகோலைத் தேடினார்.